தங்கச்சி என்று சொன்ன வாய்

லாசருக்கு மலையிலிருக்கும் புதூர்நாட்டுக்காரர்கள் மேல் முதல் ஆறு மாசம் தீராத எரிச்சல். ஆலங்காயத்திலிருந்து புளிமண்டி ஜீப்பை முக்கி முனகி மேலே ஏற்றிக்கொண்டு போய் நிறுத்தினால், பொடிசு முதல் கிழம் வரைக்கும் "லாசரு, வந்துட்டியா?" என்பார்கள். ஒரு 'ங்க' கிடையாது, ஒரு அண்ணன் கிடையாது. நான் என்ன இவங்க வூட்டு மாடு மேய்க்கிறவனா என்று உள்ளுக்குள் பொருமுவான். பிறகு ஒரு நாள் காட்டிலாகா ரேஞ்சர் வந்தார். அவரையும் அதே மாதிரி, "வா, உட்காரு, களி துன்றியா?" என்றுதான் கேட்டார்கள். ரேஞ்சரும் உட்கார்ந்து தின்றார். அதற்கப்புறம் லாசர் பொருமுவதை விட்டான்.

அவன் வளர்ந்த விதம் வேறு. அடிவாரத்தில், மாதாகோவில் தெருவில், முறை வைத்துக் கூப்பிடாமல் ஒரு பொம்பளையிடம் பேசினால் அவன் பொறுக்கி. கீரைக்காரி அக்கா. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரி தங்கச்சி. வட்டிக்காரன் பெண்டாட்டிகூட அக்காதான், அவள் முகத்தில் முழிக்கவே பிடிக்காது என்றாலும். அவன் அம்மா கிருபாவதி தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்த மரியாதை அது. யோசிக்க வேண்டியதில்லை, வாய் தானாகச் சொல்லிவிடும்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம், மாசி மாசம், பள்ளக்கொல்லை என்ற மலையூரில் அந்த வாய் தன் வேலையைக் காட்டியது.

அன்றைக்கு அவன் புளிமூட்டைகளுக்கு மேல் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தான். கோவிலுக்கு எதிரே ஊர் கூடியிருந்தது. அந்த ஊர் மணியம்மாளின் மகள் சின்னக்குழந்தை, புருஷன் அடி தாங்காமல் அம்மா வீட்டுக்கு ஓடி வந்துவிட்டாள். புருஷன்காரன் தன் சித்தப்பன் அருணகிரியோடு வந்து, பெண்டாட்டியை அனுப்பு என்று நின்றான். தீர்ப்பு சொல்லும் ஊர்க்கவுண்டன் சடையன் நடுவில் உட்கார்ந்திருந்தான். பேச்சு காலையிலிருந்து நடந்தும் முடியவில்லை. முடிகிற வழியும் இல்லை. அந்த ஊரில் புருஷனை விட்டு வந்தவள் விட்டு வந்ததாகவே இருக்கலாம், மறுபடி கட்டிக்கொள்ளவும் செய்யலாம், தப்பில்லை. ஆனால் கூடப் பிறந்தவனோ, அண்ணனாக நிற்கத் துணிந்த வேறு ஒருத்தனோ சபையில் எழுந்து, இவள் எனக்குத் தங்கச்சி என்று சொல்லி ஏற்றுக்கொள்ள வேண்டும். சின்னக்குழந்தைக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. பங்காளிகள் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள்.

இது ஒன்றும் லாசருக்குத் தெரியாது. அவன் பார்த்ததெல்லாம், ஒருத்தன் ஒருத்தியைக் கையைப் பிடித்துத் தரதரவென்று தன் ஜீப்புப் பக்கம் இழுத்து வருவதைத்தான். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. போகிற வழியில் எங்க ஊரில் இறக்கிவிடு என்று அந்த ஆள் வேறு அவனுக்கு உத்தரவு போட்டான். லாசருக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது.

"தங்கச்சி கைய வுடுப்பா. அது வரலன்னா என் வண்டியில ஏத்த மாட்டேன்."

கூட்டம் மொத்தமும் அவன் பக்கம் திரும்பியது. சடையன் எழுந்து வந்து, என்ன சொன்னாய், இன்னொரு தரம் சொல் என்றான். சண்டைக்கு வருகிறான் போல என்று நினைத்த லாசர், கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, தங்கச்சி என்றேன், கையை விடச் சொன்னேன், அதற்கென்ன இப்போ என்று முறைத்தான். சடையன் தலையை ஆட்டினான். ஒரு வெற்றிலையை எடுத்து அவன் கையில் வைத்தான். லாசர் வாங்கி மென்றான். புருஷனும் அருணகிரியும் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்கள்.

ராத்திரி வீட்டில், தன் ஒரு பார்வைக்கே ரெண்டு தடியன்கள் ஓடிவிட்டதாக அம்மாவிடம் அளந்துகொண்டிருந்தான் அந்த மகராசன்.

அதற்குப் பிறகு பள்ளக்கொல்லையில் அவனுக்கு ராஜ உபசாரம். வண்டி நின்றதும் சின்னக்குழந்தை சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொண்டு வருவாள். பக்கத்திலேயே உட்கார்ந்து பேசுவாள். ஒரு பயலும் தப்பாக ஒரு பார்வை பார்க்க மாட்டான். ஆலங்காயத்தில் இப்படி ஒரு பெண்ணோடு உட்கார்ந்தால் மறுநாள் மாதாகோவில் சாமியார் வரைக்கும் சேதி போய்விடும். மலைக்காரர்கள் மனசு எவ்வளவு பெரிசு என்று லாசர் உருகினான். அண்ணனும் தங்கச்சியும் பேசுவதை எவன் பார்க்கப் போகிறான் என்பது அந்த மண்டையில் ஏறவே இல்லை.

பலாப்பழ சீசனில் ஒரு நாள் அவள் கேட்டாள், கீழே அவனுக்கு எத்தனை தங்கச்சி என்று. கூடப் பிறந்தது யாருமில்லை என்றான். அப்புறம் யாரைத் தங்கச்சி என்பாய் என்று கேட்டாள். அவன் அக்கா, தங்கச்சி என்று ஒவ்வொருத்தியாகச் சொல்லச் சொல்ல அவள் நம்பாமல் பார்த்தாள். வட்டிக்காரன் பெண்டாட்டி பேச்சு வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, தன்னையும் அப்படிச் சும்மா சொன்னதுதானா என்று அவனைப் புதுசாகப் பார்ப்பது போல் பார்த்தாள். அவனுக்கு உள்ளே என்னவோ கழன்று விழுந்தது. அன்று இறக்கத்தில் மூன்றாவது வளைவில் பிரேக் போட மறந்து, சாமி புண்ணியத்தில் தப்பினான்.

ஐப்பசி வாக்கில் இரண்டு பேரும் கல்யாணம் என்று பேசி முடித்துவிட்டார்கள். ஊரும் தன்னைப் போலவே புரிந்துகொள்ளும் என்று அவள் நம்பினாள். கிருபாவதி ஒரு வாரம் அழுதாள், பிறகு அந்தப் பெண் ஞானஸ்நானம் வாங்கச் சம்மதித்தால் சரி என்று இறங்கி வந்தாள். லாசர் வேட்டி கட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்கோடு சடையனிடம் போய்ப் பெண் கேட்டான்.

சடையன் வெற்றிலையைத் தொடாமல் தள்ளி வைத்தான். கீழ்நாட்டான், மாதாகோவில் வேதக்காரன் என்பதெல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டில்லை. முன்னேயும் ஒன்றிரண்டு அப்படி நடந்து, ஊருக்குச் சோறு போட்டுச் சரிக்கட்டியிருக்கிறார்கள். அவன் கேட்டது ஒன்றே ஒன்று, தங்கச்சியை எந்த ஊரில் கட்டுவார்கள் என்று.

அப்போதுதான் லாசருக்கு அந்த வெற்றிலைக்கு அர்த்தம் புரிந்தது.

மறு வாரம் சபை கூடியது. சேதி கேள்விப்பட்டு அருணகிரியும் வந்து ஓரமாகக் குந்தியிருந்தான். லாசர் எழுந்து, எங்க ஊர்ப் பேச்சில் அது சும்மா ஒரு மரியாதை, யாரைப் பார்த்தாலும் சொல்வோம், மனசில் வைத்துச் சொல்வதில்லை என்று விளக்க ஆரம்பித்தான். நன்றாகத்தான் பேசினான். சனம் ஆச்சரியமாகக் கேட்டது. கூடப் பிறந்தவள் பிறக்காதவள் என்று பார்க்காமல் உறவை இப்படி வாரி இறைக்கிற ஊரும் உண்டா என்று ஒரு கிழவன் பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான்.

அருணகிரி மெதுவாக எழுந்தான். அன்றைக்கு அண்ணன் நின்றதால்தான் எங்கள் பெண்ணை விட்டுப் போனோம், அண்ணன் பொய் என்றால் தீர்ப்பும் பொய், அவளை இப்பவே கூட்டிப் போகிறோம் என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நியாயம் அவன் பக்கம் இருந்தது, அது அவனுக்கே தெரியும்.

சடையன் லாசர் பக்கம் திரும்பினான்.

"உங்க ஊரு பேச்சு எனக்கு வாணாம். இங்க நின்னு சொன்னியே, அது மெய்யா பொய்யா?"

சின்னக்குழந்தை அம்மாவின் பக்கத்தில் நின்றாள். முழங்கையில் அந்தத் தழும்பு ஆறி வெள்ளையாகத் தெரிந்தது. பொய் என்று சொன்னால் அவள் இவனுக்குப் பெண்டாட்டியாகலாம், ஆனால் அதற்கு முன்னே அந்தப் புருஷனோடு போக வேண்டும். அங்கே போனவள் உயிரோடு திரும்ப வருவாளா? பெற்ற தாயைச் சபித்தான், மாதாகோவில் தெருவைச் சபித்தான், கீரைக்காரியைக்கூடச் சபித்தான்.

"மெய்தான்" என்றான். "என் தங்கச்சிதான்."

ஜீப்பை எடுக்கும்போது அவள் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை.

"நீ அன்னிக்கி வாய மூடிக்கினு இருந்திருந்தா நான் அவன்கூடப் போய்ச் செத்திருப்பேன். உன்னத் திட்டக்கூட முடியல எனக்கு."

லாசர் வேறு ரூட்டு கேட்டான். முதலாளி தரவில்லை.

தை மாசம் சடையனிடமிருந்து ஆள் வந்தது. பக்கத்து ஊரிலிருந்து சின்னக்குழந்தையைப் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள், அண்ணனைக் கேட்காமல் முடிக்க முடியாது என்று. போகாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தான். போனான். மாப்பிள்ளைக்காரன் சாதுவான ஆள். லாசர் அவனை ஒரு மணி நேரம் நோண்டினான். குடிப்பியா, கை நீட்டுவியா, முதல் பெண்டாட்டி உண்டா, கடன் உண்டா. ஒரே ஒரு குறை அகப்பட்டால் போதும் என்று இருந்தது. அந்தப் பாவி எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னான்.

குடுக்கலாமா என்று சடையன் கேட்டான். எல்லோரும் லாசரைப் பார்த்தார்கள். அவன் அவளைப் பார்த்தான்.

"நீதான் சொல்லணும், அண்ணா" என்றாள் சின்னக்குழந்தை.

"குடுக்கலாம்" என்றான் லாசர்.