சந்தனப் பொட்டு வைத்த சிடி

வரதன் தன்னிடமிருந்த சிடிகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றத் தொடங்கியபோது முதலில் திரும்பி வந்தவர் சைமன். இறந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த மனிதர், அடக்கத்தன்று போட்டுவிட்ட அதே வெள்ளைச் சட்டையோடு புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு படிக்கட்டில் உட்கார்ந்து, தன் சாவுக்குப் பாடிய பாட்டைத் தானே கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு நின்றதும் காணாமல் போனார். அன்று தண்ணீர் லாரி வராத நாள் என்பதால் குடியிருப்பில் லாரியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

வரதன் மைக்செட்காரர். அந்தப் பக்கத்தில் சாவு விழுந்தால் கானா வைப்பது வழக்கம். பாடுகிறவர் இறந்தவரின் கதையைப் பிறப்பிலிருந்து பிடித்து, பள்ளிக்கூடம், காதல், வேலை, வியாதி என்று வரிசை தப்பாமல் பாடி, கடைசியில் சுடுகாட்டில் கொண்டுபோய் இறக்குவார். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போன பலருக்கு வாழ்க்கை வரலாறு என்றால் அந்த ஒரு பாட்டுதான். வேறு யாரும் அவர்களைப் பற்றி ஒரு வரி எழுதப்போவதில்லை. வரதன் மிக்சரிலிருந்து ஒயர் இழுத்து ஒவ்வொரு பாட்டையும் பதிவு செய்வார். இறந்தவர் வீட்டுக்கு ஒரு சிடி, தனக்கு ஒரு சிடி. ஊரில் சிலர் தபால்தலை சேர்க்கிறார்கள், இவர் சாவு சேர்த்தார். அவர் மனைவி பூமாரி இதற்காக அவரைத் திட்டாத திட்டில்லை. அலமாரி நிறைந்து கட்டிலுக்கு அடியிலும் சிடி வந்த பிறகு அவளுக்கே அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

மழை வெள்ளத்தோடு ஆலை எண்ணெயும் சேர்ந்து வீட்டுக்குள் வந்த அந்த வருடம் கழிந்து பார்த்தால், பாதி சிடிகளில் பூஞ்சை. வீட்டிலிருந்த கடைசி பிளேயரும் லென்ஸ் போய் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டது. வரதன் ரிச்சி தெருவில் ஒரு பழைய கம்ப்யூட்டரை, சிடி போடுகிற வாய் உள்ளதாகப் பார்த்து வாங்கி வந்தார். சிடியை உள்ளே தள்ளினால் திரையில் ஒரு பச்சைக் கோடு வளரும். கோடு முழுதாக வளர்ந்தால் பாட்டு ஃபைலாகிவிட்டது என்று அர்த்தம். அந்த ஃபைலைப் பென்டிரைவில் ஏற்றி ஓடவிட்டால், பாட்டுக்குரியவர் வந்துவிடுவார். சிடியாக ஓடிய அத்தனை வருடங்களும் யாரும் வந்ததில்லை. ஃபைலானதும் ஏன் வருகிறார்கள் என்று கேட்டால், பென்டிரைவில் எடை இல்லை, அதனால் ஏறி வர சுலபம் என்று சொன்னவர்கள் உண்டு. வந்தவர்களால் தொந்தரவு ஒன்றுமில்லை. டீ கேட்பார்கள், குடிக்கமாட்டார்கள், சூட்டுக்காக கிளாசைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். கேட்டதற்குப் பொய் சொல்லமாட்டார்கள்.

அது தெரிந்தது ஐரீனால்தான். சைமனின் மனைவியான அவள், கொழுந்தன்தான் தன் புருஷனைப் படகிலிருந்து தள்ளிவிட்டான் என்று நம்பி, அந்தக் குடும்பத்தின் முகத்திலேயே விழிக்காமல் இருந்தவள். விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்து, பாட்டைத் திரும்பப் போடச் சொல்லி, படிக்கட்டிலேயே வைத்து அவரை உலுக்கினாள். சைமன் கிளாசை உருட்டிக்கொண்டே, "என்ன எவனும் தள்ளல மே. மப்புல இருந்தேன், கால் வழுக்கிடுச்சு" என்றார். ஐரீன் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, அன்று சாயங்காலமே கொழுந்தன் வீட்டுக்குப் போய் மீன்குழம்பு வாங்கிக்கொண்டு வந்தாள்.

வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பூமாரி உள்ளே வந்து வரதனிடம் கேட்டாள். "எம் புள்ளையோடத எப்பய்யா போடப் போற?"

"கடசியா போடறேன்" என்றார் வரதன். பயந்துபோயிருந்தார்.

அவர்கள் பிள்ளை வல்லரசு, எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போனவன். கழிவுத் தொட்டிக்குள் இறங்கினான், ஏறவில்லை. உள்ளே விழுந்த செல்போனை எடுக்க அவனாகவே இறங்கினான், யாரும் சொல்லவில்லை என்று அங்கே எழுதி முடித்துவிட்டார்கள். அன்று அவன் செல்போன் வீட்டில் சார்ஜரில் கிடந்தது. பூமாரி அந்த போனைத் தூக்கிக்கொண்டு ஏறாத படியில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் போனைப் பார்த்தார்கள், அவளைப் பார்க்கவில்லை. இறங்கச் சொன்னவன் எவன் என்ற ஒரு கேள்வியைத்தான் அவள் சோற்றோடு பிசைந்து தின்றுகொண்டிருந்தாள். அந்தப் பெயர் தெரியாமல் சாகக்கூடாது என்பது அவள் முடிவு.

பிள்ளைக்குப் பாடிய கானாவையும் வரதன்தான் பதிவு செய்தார். அழுதால் மைக்கில் விழும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, பாட்டு முடியும் வரை மிக்சரிலிருந்து கையை எடுக்கவில்லை. திரும்பக் கேட்கத் தெம்பில்லாமல் அதற்கு மட்டும் நகல் போடவில்லை. அந்த ஒரே சிடியைப் பூமாரி வல்லரசுவின் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். மைக்செட்காரர் வீட்டில் ஆயுத பூஜை என்றால் ஆம்ப்ளிஃபயர், மிக்சர், குழாய் ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. பிள்ளையை மட்டும் விட முடியுமா? சிடிக்கும் பொட்டு வைத்தாள். ஒரு பக்கம் வரதனின் கோணல் கையெழுத்து. இன்னொரு பக்கம் முகம் தெரிகிற மாதிரி பளபளவென்று இருந்தது. பளபளப்பில்தான் வைத்தாள். அடுத்த வருடம் காய்ந்ததைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வைத்தாள். இப்படியே வருடா வருடம்.

மற்ற எல்லாவற்றையும் மாற்றி முடித்த பிறகு வரதன் அந்தச் சிடியைத் திருப்பிப் பார்த்தார். உள்வட்டம் மட்டும் சுத்தமாக இருந்தது. அதற்கு வெளியே சுற்றிலும் பொட்டுப் பொட்டாகக் கீறலும் மஞ்சள் கறையும். பற்பசை தேய்த்தார், வாழைப்பழத் தோல் தேய்த்தார். ரிச்சி தெருவில் மூன்று கடைக்காரர்கள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டார். பச்சைக் கோடு மூன்றில் ஒரு பங்கு வளர்ந்து நின்றுவிட்டது. எத்தனை தடவை போட்டாலும் அதே இடம்.

பூமாரி அவர் முகத்தைப் பார்த்தாள். "நான் வெச்ச பொட்டா?" என்றாள்.

வரதன் ஆமென்று சொல்லவில்லை. "ரவ அழுக்கு கீது. வந்த வரைக்கும் பாப்பம்" என்றார்.

வந்த வரைக்கும் இருந்ததை ஓடவிட்டார்கள். சிடி உள்வட்டத்திலிருந்து வெளிவட்டத்துக்கு ஓடும், கானா பிறப்பிலிருந்து சாவுக்குப் போகும். அதனால் வந்தது தொட்டிக்குள் இறங்கிய இளைஞனில்லை. பாக்கெட் கிழிந்த காக்கி டிரவுசரும் முழங்காலில் ஆறாத சிராய்ப்புமாக, எட்டு வயது வல்லரசு வந்து நின்றான்.

"எம்மா, பசிக்குது. இன்னா கீது?" என்றான்.

பூமாரி அவன் தோள்களைப் பிடித்தாள். கேட்கவேண்டிய கேள்வியை வருடக்கணக்காகத் தயாராக வைத்திருந்தாள், கேட்டேவிட்டாள். "யார்ரா உன்ன டேங்க்குள்ள எறங்கச் சொன்னது?"

"இன்னா டேங்க்குமா?" என்றான் அவன்.

அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் இன்னும் எண்ணூரையே பார்த்ததில்லை. பாட்டில் அவன் பள்ளிக்கூடச் சுவர் ஏறிக் குதிக்கிற இடம் வந்தது. குதித்தான் என்ற சொல் முடிவதற்குள் ஃபைல் அறுந்தது, பையனும் இல்லை. பூமாரி கைகள் வெறும் காற்றைப் பிடித்தபடி நின்றன. அந்தப் பெயர் இனி இந்த உலகத்தில் எங்கும் கிடைக்காது என்பது அவளுக்கு அப்போது புரிந்தது. நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். வரதனும் அன்றுதான் பிள்ளைக்காக வாய்விட்டு அழுதார். மிக்சர் அணைந்து கிடந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரே மறுபடியும் ஓடவிட்டார். பையன் வந்தான், பசிக்கிறது என்றான், போன தடவை வந்தது அவனுக்கு ஞாபகமில்லை. இரண்டு நாள் கழித்து வரதன் அந்த ஃபைல் முடிந்ததும் தானாகத் திரும்ப ஓடுகிற மாதிரி வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு ஆயுத பூஜை போய்விட்டது. மற்ற ஃபைல்களை அவரவர் வீட்டார் செல்போனில் வாங்கிப்போய்விட்டதால், படிக்கட்டில் இப்போது கூட்டமில்லை. ஆம்ப்ளிஃபயருக்கும் மிக்சருக்கும் பூமாரி வழக்கம்போலப் பொட்டு வைக்கிறாள். பென்டிரைவைத் தொடுவதில்லை. மிச்சச் சந்தனத்தைப் பையன் நெற்றியில் வைப்பாள். அடுத்த தடவை வரும்போது நெற்றி வெறுமையாக இருக்கும், திரும்ப வைப்பாள். பாட்டு ஓடுகிற நேரத்துக்குள் அவனுக்கு ஒரு வாய் சோறு ஊட்டி, ஒன்றைச் சொல்லிக் கொடுக்கிறாள்.

"டேய், யாரு எறங்கச் சொன்னாலும் எறங்கக்கூடாது. எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் முடியாதுன்னு சொல்லணும். இன்னா?"

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு அவன் சுவர் ஏற ஓடுகிறான். பூமாரி அடுத்த வாய்க்குச் சோறு பிசைகிறாள்.