இடது தோளில் இரட்டை மடிப்பு

ஒன்பதாயிரத்து நானூறு. மாமனார் படுக்கையில் விழுவதற்கு முன் கொடுத்த கடன். இருந்தவரை அவர் ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை. அவர் போன பிறகு மச்சான் கேட்காத நாளில்லை.

மச்சானுக்குக் கோபம் பணத்தின் மேல் அல்ல. "எங்கப்பா உயிர் போறப்ப இந்த ஆள் நாடகத்துல மேசை தூக்கிட்டிருந்தார். வந்தும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த ஆள் என்றது தங்கை புருஷன் பூனையை.

பூனை என்பது அரங்கத்தில் வைத்த பெயர். காட்சி முடிந்து விளக்கணைந்ததும் கறுப்புச் சட்டையோடு மேடைக்குப் போய், சத்தமில்லாமல் சாமான்களை மாற்றிவிட்டு வர வேண்டும். யார் கண்ணிலும் படாததுதான் அந்த வேலைக்கு அழகு.

அந்த ஞாயிறு மதியம், வீட்டிலிருந்தே நாடகம் பார்க்கிறவர்களுக்காக முதன்முறையாகக் கேமரா வைத்திருந்தார்கள். அதற்கும் பூனைக்கண். இருட்டிலும் தெரியும்.

நாடகம் முடிந்ததும் மேனேஜர் கூப்பிட்டார்.

"அண்ணே, உங்களை யாரு நடிக்கச் சொன்னது?"

"நானா?"

மேனேஜர் திரையைக் காட்டினார். நாடகத்துக் கிழவர் நாற்காலியில் செத்துப்போகிறார். விளக்கு அணைகிறது. நடிகர் எழுந்து போய்விடுகிறார். சாம்பல் நிறத்தில் பூனை வருகிறார். வந்தவர் நாற்காலியைத் தூக்கவில்லை. அதில் கிடந்த போர்வையைக் கால் இருக்க வேண்டிய இடம்வரை இழுத்துச் செருகுகிறார். இடது தோள் பக்கம் இரட்டையாக மடித்து, லேசாகத் தட்டுகிறார். பிறகு ஆள் உட்கார்ந்திருப்பதுபோல நாற்காலியைச் சாய்க்காமல் தூக்கிப் போகிறார்.

பூனை திரையை நெருங்கிப் பார்த்தார். போனேன், எடுத்தேன், வந்தேன் என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் நினைவில்லை. எத்தனை நாளாக இந்தக் கை இருட்டில் தன்பாட்டுக்கு இதைச் செய்கிறதோ!

"நேரலையில போயிடுச்சு. பதிவுல வெட்டிடறோம். இனிமே சட்டுன்னு தூக்கிட்டு வாங்க."

"சரி தம்பி."

வீட்டு வாசலில் மச்சானின் செருப்பு கிடந்தது. உள்ளே மனைவியின் போன் தண்ணீர்ச் செம்பில் சாய்ந்திருந்தது. அவள் கண் சிவந்திருந்தது.

பூனை வாரக் கூலியை எடுத்து நீட்டினார். "மூவாயிரம் இருக்கு மச்சான். மீதிய..."

மச்சான் பணத்தைப் பார்க்கவில்லை. "அப்பாவுக்கு எந்தத் தோள் குளிரும்?"

"இடது."

"பெத்த பிள்ளை, எனக்குத் தெரியல மாப்பிள்ளை. பணம் கேக்க வந்தேன். இவ நாடகம் பாத்துட்டிருந்தா, நானும் உக்காந்தேன். திடீர்னு ஓன்னு அழறா. தினம் அப்பாவுக்கு நீங்க இப்படித்தான் போத்தி விடுவீங்களாமே."

"தெரிஞ்சு செய்யல மச்சான். கை செஞ்சிருக்கு."

மச்சான் போனைத் தங்கையிடம் நீட்டினார். "இன்னொரு தடவை போடு" என்றார்.

"நேரலைண்ணே, திரும்ப வராது."

"பதிவு வரும்ல?"

"அந்த இடத்தை வெட்டிடறாங்களாம்" என்றார் பூனை.

"ஏன் வெட்டறான்? அந்த நடிகன் செத்ததவிட அதான் நல்லா இருந்துச்சு!"

மனைவிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. மச்சான் எழுந்து, மூவாயிரத்தை மாப்பிள்ளையின் சட்டைப் பையிலேயே திணித்தார்.

"உள்ள வைங்க. மீதியும் வேணாம். அப்பாவே கேக்கல, நான் யாரு கேக்க?"