ஜான்சி எழுதிய முன்கதைகள்

2008 ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை காலை, பரங்கிப்பேட்டை நசீருக்குப் பதினைந்து வருடப் பழைய தீக்காயம் ஒன்று வந்தது. இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கி, நிறம் வெளுத்து, நன்றாக ஆறிய தழும்பு. முந்தின நாள் மாலை வழவழவென்று இருந்த அந்தக் கையைச் சிதம்பரத்தில் முப்பது பேராவது பார்த்திருப்பார்கள். அது நினைவில் இருந்தது ஜான்சி ஒருத்திக்குத்தான்.

ஜான்சி கீழவீதிக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் நடத்திவந்தாள். கடலூர் முதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். கல்லூரிப் பையன்கள் அங்கே விளையாடிய விளையாட்டில், வாளும் மந்திரமும் டிராகனும் உள்ள ஒரு ராஜ்ஜியத்துக்கு அவரவரே ஒரு வீரனை உருவாக்கி அனுப்ப வேண்டும். முகம், உயரம், ஆயுதம் எல்லாம் தேர்ந்தெடுத்ததும் முன்கதைக்கென்று ஒரு வெற்றுப் பெட்டி வரும். பையன்கள் அதைக் காலியாக விட்டுவிட்டுச் சண்டைக்குப் போய்விடுவார்கள். ஜான்சிக்கு அது பொறுக்காது. எங்கிருந்து வந்தான் என்றே தெரியாதவன் எதற்காக வாளை உருவுவான் என்று கேட்டு, விசைப்பலகையை வாங்கித் தானே எழுதுவாள். அம்மா அப்பாவைக் கொன்று அநாதையாக்குவது சோம்பேறிகள் வேலை என்பாள். ஒரு இழப்பு இருக்க வேண்டும், அதில் யாரோ ஒருவருடைய தவறு இருக்க வேண்டும், அதனால் அவன் இன்றைக்கும் விடாமல் செய்கிற காரியம் ஒன்று இருக்க வேண்டும்.

அங்கே விளையாட வரும் நசீரின் வீரனுக்கு, அந்தத் தழும்பு வருவதற்கு முந்தின நாள், ஏழு வயதில் டிராகன் கக்கிய நெருப்பிலிருந்து தம்பியை இழுத்து வந்தவன் என்று எழுதியிருந்தாள். பரங்கிப்பேட்டையில் டிராகன் கிடையாது. ஆகவே அங்கே ஸ்டவ் வெடித்திருந்தது. மகனைத் தேடிக் கடைக்கு வந்த ஆசியா உம்மாளிடம் ஜான்சி தழும்பைப் பற்றி மெல்லக் கேட்டாள். "தம்பிய இழுத்தாந்து வாசல்ல போட்டுட்டுத்தான் மயங்கி வுழுந்தான். இன்னிவரைக்கும் அடுப்புப் பக்கம் வரமாட்டாம்மா" என்றார் அவர். அந்த வரியையும் ஜான்சிதான் எழுதியிருந்தாள்.

சோதித்துப் பார்க்க, நல்லதாக ஒன்று எழுதினாள். குமராட்சியிலிருந்து வரும் ஏழைப் பையன் ஒருவனின் வீரனுக்குத் தாத்தா பன்னிரண்டு காணி நிலம் விட்டுப்போனார் என்று. மறுவாரம் பையன் புது பைக்கில் வந்தான். ஆனால் துபாயில் இருக்கும் மகனுக்கு மெயில் அனுப்ப வாராவாரம் வரும் பொன்னுரங்கம் வரவில்லை. அவரும் குமராட்சிக்காரர், நிலபுலன் உள்ளவர். ஜான்சி மினிபஸ் ஏறிப் போய்ப் பார்த்தாள். பொன்னுரங்கம் அடுத்தவர் வயலில் களை பறித்துக்கொண்டிருந்தார், பக்கத்திலேயே துபாய்க்குப் போகாத மகனும். முப்பது வருடமாகக் கூலி வேலைதான் என்றார். அவளை யார் என்று கேட்டார். ஒருவருக்குக் கொடுக்கும் கடந்த காலம் இன்னொருவரிடமிருந்துதான் வருகிறது என்று ஜான்சிக்கு அந்த வரப்பில் புரிந்தது. அதோடு எழுதுவதை நிறுத்தினாள்.

நிறுத்தியும் பயம் போகவில்லை. சில முன்கதைகள் ஒரே இரவில் பலித்தன, சில மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டன. ஜூன் மாதமே அவள் தன் கணவன் அன்புமணியின் வீரனுக்கும் எழுதியிருந்தாள். நெல்லிக்குப்பத்தில் ஆலை வேலை பார்த்த அன்புமணி ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு வந்து விளையாடுவான். துறைமுகத் திருவிழாக் கூட்டத்தில் மனைவி ஒரு கணம் கையை விட்டாள், மூன்று வயது மகள் காணாமல் போனாள், அன்றிலிருந்து ஊர் ஊராகத் தேடுகிறான் என்பது கதை. அவர்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. ஜான்சி அந்த வீரனை அழித்தாள், விளையாட்டையே கணினியிலிருந்து எடுத்தாள். ஆனாலும் தினமும் வீட்டுக் கதவைத் திறக்குமுன் சற்று நின்றாள்.

நவம்பரில் ஒரு சாயங்காலம் கூடத்துச் சுவரில் ஒரு சிறுமியின் படம் மாட்டியிருந்தது. மாலை போடவில்லை. பீரோவில் சின்னச் சின்ன கவுன்கள். ஜான்சியின் அடிவயிற்றில் ஆபரேஷன் தழும்பு. படத்தின் பின்னால் வெண்மதி என்று எழுதியிருந்தது. அவள் கதையில் மகளுக்குப் பெயரே வைக்கவில்லை. மாமியார் ஆரோக்கியம்மாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசாமல் போனார். இரண்டு வருடமாக அப்படித்தான் என்று தெரிந்தது. தேவனாம்பட்டினத்து மாசி மகக் கூட்டத்தில் கையை விட்டவள் ஜான்சிதான் என்று தெருவுக்கே நினைவிருந்தது. அன்புமணி மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நீ வேணும்னா விட்ட? நானுந்தான் பக்கத்துல நின்னுகிட்டிருந்தேன்."

அவள் அழுதாள். குழந்தையை நினைத்து அழுகிறாள் என்று அவன் எண்ணினான். அந்தக் குழந்தையின் குரல்கூட நினைவில் இல்லையே என்றுதான் அவள் அழுதாள்.

விளையாட்டைத் திரும்பக் கணினியில் ஏற்றி, மகள் திரும்பி வந்தாள் என்று ஒரு வரி தட்டினால் போதும். நான்கு வருடங்களில் எத்தனையோ முறை அவள் கை விசைப்பலகை வரை போனது. எந்த வீட்டுக் குழந்தை குறையுமோ, எந்தத் தாய் தனக்குக் குறைந்தது தெரியாமலே சமைத்துக்கொண்டிருப்பாளோ என்று நினைத்ததும் கை மடங்கிவிடும். அன்புமணி ஞாயிறுதோறும் படத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான். அவளும் கூடப் போனாள். எதிரே வந்த ஒவ்வொரு சிறுமியையும் பார்த்து அவன் நம்பினான், அவள் நடுங்கினாள்.

2012 மே மாதம் காட்டுமன்னார்கோயிலில் ஒரு அரிசி ஆலைக் களத்தில், நெல் கிளறிக்கொண்டிருந்த மங்கலம் என்ற பெண் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். ஆறு வருடத்துக்கு முன் பஸ்ஸில் தனியாக அழுதுகொண்டிருந்த பிள்ளையைத் தூக்கி வந்து வளர்த்ததாகச் சொன்னாள். அன்புமணி தேடுகிறான் என்றுதான் ஜான்சி எழுதியிருந்தாள். கிடைப்பாள் என்று எழுதவில்லை. மங்கலம் பிள்ளைக்குத் தலை வாரி அனுப்பினாள். மாதம் ஒருமுறை கூட்டி வருவதாக ஏற்பாடு.

அன்புமணி அழுதுகொண்டே முன்னால் நடந்தான். வெண்மதி அவன் பின்னால் போகாமல் நின்று ஜான்சியைப் பார்த்தாள். "உங்கள எனக்கு ஞாபகமே இல்ல" என்றாள்.

"எனக்கும் இல்லடா கண்ணு" என்றாள் ஜான்சி. இத்தனை வருடத்தில் அவள் சொன்ன முதல் உண்மை அது.

ஜூனில் முதுநகரில் ஒரு பள்ளியில் நான்காம் வகுப்புக்கு விண்ணப்பம் கொடுத்தார்கள். அங்க அடையாளம் இரண்டு சொல்லுங்கள், அம்மாவுக்குத் தெரியுமே என்றார் தலைமையாசிரியை. வெண்மதி தானாகவே முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் இருந்த மச்சத்தைக் காட்டினாள். ஜான்சி குனிந்து அதைப் பார்த்துச் சொன்னாள். தலைமையாசிரியை எழுதிக்கொண்டு, இன்னொன்று என்றார்.