முருகா என்றதும் பிடித்துக்கொள்ள வேண்டும்

உடையப்பனின் நீல வேனுக்கு பிரேக் உண்டா என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், மனிதருக்கு மூக்கின் மேல் கோபம் வந்துவிடும். பிரேக் இருக்கத்தான் செய்தது. என்ன, கேட்டவுடனே கொடுக்கிற பிரேக் இல்லை. முதல் மிதிக்கு ஒன்றும் நடக்காது. இரண்டாவது மிதிக்கு வண்டி யோசிக்கும். மூன்றாவது மிதிக்குத்தான், சரி போகட்டும் என்று மனசு இரங்கி, இடது பக்கமாகக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு, வீல் என்று கத்தி நிற்கும்.

ஏழாங்கட்டைத் தோட்டத்துச் சனங்களுக்கு இதெல்லாம் பழகிப்போயிருந்தது. பிரேக்கில் கால் வைக்கும்போது உடையப்பன் "முருகா" என்பார். பக்தி பாதி, பழக்கம் பாதி. அந்தக் குரல் கேட்டதும் வேனில் இருக்கிற அத்தனை பேரும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். ஊர்வம்பு பேசுகிறவர்கள் பேச்சை நிறுத்தாமலே பிடித்துக்கொள்வார்கள். தூங்குகிறவர்கள் கண்ணைத் திறக்காமலே பிடித்துக்கொள்வார்கள். அப்படியொரு ஒற்றுமையை அந்த நாளில் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் எந்தச் சங்கத்துக் கூட்டத்திலும் பார்த்திருக்க முடியாது.

வண்டி ஓடியதற்கும் ஒரு நியாயம் இருந்தது. அந்தப் பக்கத்துச் சாலையெல்லாம் பலகை மாதிரி. இந்தப் பக்கம் வயல், அந்தப் பக்கம் தென்னை, நடுவே மேடென்றும் பள்ளமென்றும் ஒன்றும் கிடையாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாகவே ஓய்ந்துவிடும். வருஷத்தில் ஒரே ஒரு முறைதான் வேன் மலையைப் பார்க்கும். பங்குனி உத்திரத்துக்குத் தோட்டத்துச் சனங்களை நடுராத்திரியில் ஏற்றிக்கொண்டு மாரான் கோயிலுக்குப் போகும்போது வழியில் காராக் இறக்கம் வரும். அப்போதெல்லாம் உடையப்பனுக்குப் பக்கத்து சீட்டில் அவர் மனைவி அமராவதி உட்கார்ந்திருப்பாள். வண்டி வாங்கிய எழுபத்தேழாம் வருஷத்திலிருந்து அந்த இடம் அவளுடையது.

எண்பத்தாறாம் வருஷம் பங்குனி நெருங்கியபோது, துணி உலர்த்திக்கொண்டிருந்த அமராவதி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"இந்தத் தடவ நான் வரலங்க. முட்டி வலி தாங்க முடியல. நீங்க போய்ட்டு வாங்க."

"முட்டி வலிக்குத்தானே முருகன்கிட்ட போறோம்?"

"வள்ளியம்மாவ முன்னால உக்கார வச்சுக்குங்க. அவளுக்குத்தான் முன்சீட்டு மேல ரொம்ப நாளா கண்ணு."

உடையப்பனுக்குச் சுருக்கென்றது. வள்ளியம்மா லயத்து வரிசையில் அடுத்த வீட்டுக்காரி. நல்லவள்தான், ஆனால் தோட்டத்து வாசலில் ஆரம்பிக்கிற பேச்சை மாரானில்தான் முடிப்பாள். அது அவருக்குப் பெரிய விஷயமில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இரண்டே பேர். ஒரு வருஷத்துப் பயணத்தையே இன்னொரு வருஷம் வரை பேசிப் பேசிப் பொழுதைப் போக்குகிறவர்கள். அமராவதி பக்கத்தில் இல்லாமல் மாரானுக்குப் போவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. முட்டி வலி ஒரு சாக்கு, அவளுக்குத் தன் கூட வருவது அலுத்துவிட்டது என்று முடிவு கட்டி, இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து வேனும் சதி செய்தது. காலையில் வண்டியை எடுத்தால், நின்ற இடத்தில் பிரேக் எண்ணெய் சொட்டிக் கிடந்தது. டவுனில் பாலத்துக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருந்த கார்த்திகேசுவிடம் மெல்ல உருட்டிக்கொண்டு போனார். கார்த்திகேசு சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"அண்ணே, ரெண்டு வழி இருக்கு. இருக்கறதையே ரிப்பேர் பண்ணலாம். லைனிங் புதுசு, உள்ள இருக்கற ரப்பரெல்லாம் புதுசு. கொஞ்ச நாளைக்கு நல்லா இருக்கும், அப்புறம் பழையபடி முருகாதான். இல்லன்னா கிள்ளான்ல ஜப்பான் வண்டிய பாதியா அறுத்துக் கொண்டாந்து விக்கறான். அதுலேர்ந்து முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் எடுத்து மாத்திருவோம். தொட்டா நிக்கும்லா."

"யோசிச்சுச் சொல்றேன்."

"இதுல யோசிக்க என்னண்ணே இருக்கு? மலைக்குப் போற வண்டி!"

செலவைப் பற்றி உடையப்பனுக்குக் கவலையில்லை. தொட்டால் நிற்கிற வண்டியை ஓட்டத் தன் காலுக்குத் தெரியாது என்பது ஒரு கவலை. அதை அவர் செத்தாலும் வெளியே சொல்லமாட்டார். இன்னொன்று, அந்த பிரேக்கோடு போனால் என்னென்னவோ கூடப் போய்விடும் என்று அவருக்குப் பட்டது. அன்று ராத்திரி படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார்.

பக்கத்து ஊரான அசாம் ஜாவாவில் நடந்த கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போன நாள். மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள், பக்கத்தில் நாதசுரக்காரர்கள். உடையப்பன் "முருகா" என்றார். அன்றைக்கு மூன்றாவது மிதிக்கும் வண்டி மனசு இரங்கவில்லை. மாப்பிள்ளை பின்கண்ணாடி வழியாகத் தன் கல்யாணம் பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டே போனார். ஆரத்திப் பெண்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவர, நாதசுரக்காரர் ஊதிக்கொண்டே ஓடிவர, தவில்காரர் மூச்சிரைக்கக் கடைசியாக வந்து சேர்ந்தார். சாலையோரத் தேங்காய்க் கடை வாசலில் வைத்துத்தான் ஆரத்தி எடுத்தார்கள்.

சுங்கை பஞ்சாங் வயல் பாதையில் வாத்துக் கூட்டம் குறுக்கே வந்தது இன்னொரு நாள். வண்டி வாத்துகளுக்கு நடுவே போய், ஓர் இறகு உதிராமல் நின்றது. வாத்துக்கார மலாய்ப் பெரியவர் ஓடிவந்து வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்ற சந்தோஷத்தில் ஒரு பை நிறைய முட்டை கொடுத்தார். காராக்கில் ஒரு பின்னிரவு, மூடுபனி. லைனிங் கருகிய வாடை மூக்கைத் துளைக்க வண்டி இறங்கியபோது பின்னாலிருந்து எழுந்ததே ஓர் அரோகரா! அப்பேர்ப்பட்ட அரோகராவை மாரான் சந்நிதியில்கூட அவர் கேட்டதில்லை. அடிவாரத்தில் இறங்கித் தேநீர் குடித்தபோது ஆளுக்கு ஆள் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

எல்லாவற்றிலும் அவருக்கு மறக்காமல் நின்றது அமராவதிதான். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் தளும்ப அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் நாலு மண்டபத்தைத் தாண்டிப் போகலாம் என்று அவருக்குத் தோன்றும். அந்த வேனை எதற்கு மாற்ற வேண்டும்? ரிப்பேரே போதும் என்று தீர்மானித்துக்கொண்டு மறுநாள் பட்டறைக்குப் போனார்.

கார்த்திகேசு எண்ணெய்க் குழாய் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக முன்பக்கத் தரையைக் கிளறிக்கொண்டிருந்தான். அமராவதி காலுக்கடியில் மடித்துப் போட்டிருந்த சாக்குத் துண்டை எடுத்து வெளியே எறிந்தான். எஞ்சின் சூடு தாங்காமல் அவள் போட்டுக்கொண்டது என்று உடையப்பன் நினைத்திருந்த சாக்கு அது.

"அண்ணே, கொஞ்சம் இங்க வாங்க. இந்தப் பக்கமும் ஒரு பிரேக் வச்சிருந்தீங்களா?"

உடையப்பன் எட்டிப் பார்த்தார். தரையில் விரித்திருந்த ரப்பர் பாயில், வலது கால் படுகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டைக்குள் தகரம் பெயிண்ட் போய்ப் பளபளவென்று தேய்ந்திருந்தது. ஓட்டுநர் பக்கத்துப் பாயில், அவருடைய குதிகால் ஊன்றுகிற இடத்தில்கூட அவ்வளவு தேய்மானம் இல்லை.

"யாருண்ணே இங்க உக்காருவா?" என்றான் கார்த்திகேசு சிரித்துக்கொண்டே. உடையப்பன் சுற்றிக்கொண்டு போய் அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

இத்தனை வருஷத்தில் அங்கே அவர் உட்கார்ந்ததே இல்லை. அந்த மாதிரி வேனுக்கு மூக்கு கிடையாது. முட்டிக்கு முன்னால் ஒரு தகரம், ஒரு கண்ணாடி, அதற்கப்புறம் நேரே ரோடு. அவர் பக்கத்திலாவது பிடித்துக்கொள்ள ஸ்டியரிங் இருந்தது, மிதிக்க ஏதோ ஒன்று இருந்தது, கூப்பிட முருகன் இருந்தான். இங்கே ஒன்றுமே இல்லை. காலை அந்த ஓட்டையில் வைத்து அமுக்கிப் பார்த்தார். தொடை இறுகி, வலது முட்டியில் போய் விண்ணென்று நின்றது. அமராவதி ராத்திரி ராத்திரி எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொள்கிற அதே முட்டி. மாரான் வரை அமுக்கிக்கொண்டே போய், மாரானிலிருந்து அமுக்கிக்கொண்டே வந்திருக்கிறாள். அவளுக்குத் தன்னோடு வருவது அலுத்துவிட்டதாக இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்ததை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

"டிஸ்க்கே போட்டுரு. பாயையும் மாத்திரு" என்றார்.

"யோசிக்கணும்னீங்க?"

"யோசிச்சாச்சுலா."

வண்டி கைக்கு வந்த அன்று சாயங்காலம், காற்று வாங்கிவிட்டு வரலாம் என்று சொல்லி அமராவதியை அழைத்தார். டவுனை ஒட்டிய ஒரே குன்றான புக்கிட் மெலாவத்திக்கு என்று சொல்லவில்லை; பழைய பிரேக்கோடு அங்கே அவர் ஏறியதே இல்லை. டவுனை நெருங்கும்போது ஒரு சைக்கிள்காரன் குறுக்கே திரும்பினான். உடையப்பனின் கால் பழைய வழக்கப்படி ஒரு மிதி மிதித்தது. வேன் அறைந்தாற்போல் நின்றது. அமராவதி முன்னால் சரிந்து இரண்டு கையையும் கண்ணாடியில் ஊன்றிக்கொண்டாள்.

"முருகா!" என்றது இந்த முறை அவள்தான்.

"அடி பட்டுச்சா?"

"இல்ல. என்னங்க ஆச்சு வண்டிக்கு? நிக்குது?"

மலை உச்சியில் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார். குரங்குகள் வழக்கம்போல வந்து பானட்டில் ஏறப் பார்த்தன. பானட்டே இல்லாத வண்டி என்று கண்டு கூரையில் ஏறிக்கொண்டன. கீழே ஆற்று முகத்துவாரத்தில் மீன் படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. உடையப்பன் இறங்கவில்லை.

"அமரா, இந்த வண்டியில வர்றதுக்கு உனக்கு பயமா?"

"யாரு சொன்னா?"

"பழைய பாயில ஓட்ட இருந்துச்சு."

அவள் வலது காலைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அசாம் ஜாவா கல்யாணத்துல அப்படிச் சிரிச்சியே?"

"எங்க சிரிச்சேன்? கத்திரக் கூடாதேன்னு வாயப் பொத்திக்கிட்டேன். ஓட்டறவரு பொண்டாட்டியே கத்துனா பின்னால இருக்கறவங்க என்ன ஆவாங்க?"

"வாத்து வந்தப்போ?"

"அன்னிக்கும்தான்."

"காராக்ல?"

அவள் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எத்தனை தடவை உடையப்பன் அந்த நாள்களை எடுத்து எடுத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார்! அவை பொய்யில்லைதான். ஆனால் அவற்றில் தன் பங்கை மட்டுமே இத்தனை நாளும் முழுசு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா உங்களுக்கு ஓட்டற சந்தோஷமே போயிருக்கும். வண்டில ஏறுனா நீங்க எப்படி இருப்பீங்கன்னு எனக்குல்ல தெரியும்."

"அப்ப உனக்கு நல்லதா ஒரு நாளுகூட இல்லியா?"

அமராவதி இந்தப் பக்கம் திரும்பினாள். உதட்டோரம் சிரிப்பு வந்திருந்தது, வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

"ஏன் இல்லாம? வண்டி நின்னப்புறம் எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு."

இறங்குகிற பாதை வளைந்து வளைந்து போகும். உடையப்பன் வண்டியைக் கிளப்பி முதல் வளைவை நெருங்கும்போது பக்கத்தில் பார்த்தார். அவள் கால் மறுபடியும் முன்னால் நீண்டு, புதுப் பாயை அழுத்திக்கொண்டிருந்தது.

"இப்பதான் நல்ல பிரேக் போட்டாச்சே."

"தெரியுதுங்க. கால் அது பாட்டுக்கு அமுக்குது. நீங்க கண்டுக்காதீங்க."

உடையப்பன் கண்டுகொண்டார். அவள் கால் அமுங்கியதும் தன் காலையும் பதமாக அமுக்கினார். வண்டி அடங்கியது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்த வளைவு வருவதற்கு வெகு முன்னாலேயே அவள் அமுக்கினாள், அவரும் அமுக்கினார். வளைவே இல்லாத இடத்திலும் அமுக்கினாள், அங்கேயும் அமுக்கினார். பின்னால் வந்த கார்க்காரன் ஹாரன் அடித்து ஓய்ந்து, கடைசியில் முந்திக்கொண்டு போனான். நடந்து இறங்குகிறவர்கள்கூட அவர்களைத் தாண்டிப் போனார்கள். உடையப்பன் ரோட்டைப் பார்த்ததைவிட அந்தக் காலைத்தான் அதிகம் பார்த்தார்.

அடிவாரத்தில் அவள் கேட்டாள்.

"மாரானுக்கும் இப்படித்தான் ஓட்டுவீங்களா?"

"இப்படித்தான்."

"காராக் எறங்கறதுக்குள்ள பொழுது விடிஞ்சிரும்."

"விடியட்டும்."

அமராவதி கொஞ்சம் யோசித்தாள். வலது முட்டியைத் தடவிவிட்டுக்கொண்டாள்.

"அப்ப சாயங்காலமே கெளம்பிருவோம்" என்றாள்.