பாலம் வரைக்கும் கேட்குது

1

இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. மாமா உப்பு ஜாடியை ஒரு பக்கமும் தண்ணீர் டம்ளரை ஒரு பக்கமும் வைத்தார். உப்பு ஜாடி ஒரு வானொலி நிலையம், டம்ளர் இன்னொன்று, மேசையின் விளிம்பு பாலம்.

"இது இந்தக் கரண்டி வரைக்கும்தான்மா எடுக்குது. நம்மது பாரு, விளிம்பு வரைக்கும் சும்மா கணீர்னு கேட்குது" என்றார்.

அக்கா தட்டைக் கழுவப் போட்டுவிட்டு வந்தவள், சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் உப்பு ஜாடியை எடுத்து அலமாரியில் வைத்தாள். அந்த இடத்தில்தான் எனக்குக் கை அரித்தது. எழுதுகிறவர்களுக்கு வரும் இந்த அரிப்புக்கு மருந்து கிடையாது, பக்கத்தில் இருப்பவர்கள்தான் அவதிப்பட வேண்டும்.

2

தொடக்கம் ஒன்று: "அலைகள் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஆனால்—"

(விட்டுவிட்டேன். 'ஆனால்' வருவதற்குள் எனக்கே கொட்டாவி.)

தொடக்கம் இரண்டு: "பெட்ரோல் பங்கைத் தாண்டியதும் வானொலி இருமத் தொடங்கியது."

(வானொலி இருமாது. இரையும். இப்படி எழுதினால் மாமாவே சிரிப்பார்.)

தொடக்கம் மூன்று, நடந்ததை நடந்தபடி: எங்கள் ஊரில் இரண்டு எஃப்.எம். நிலையங்கள். ஒன்று ஐந்து மாடி மரச்சாமான் கடையின் மொட்டைமாடியில் இருக்கிறது. அதை எல்லோரும் 'மாடி' என்போம். அக்கா அங்கேதான் காலை நிகழ்ச்சி நடத்துகிறாள். மற்றது ஊருக்கு வெளியே ஒரு குன்றில். உச்சியில் இடம் கிடைக்காமல் சரிவில் கோபுரம் நட்டிருக்கிறார்கள், அதனால் குன்றுக்குப் பின்பக்கம் அதன் குரல் சரியாகப் போவதில்லை. அதன் பெயர் 'குன்று'.

இரண்டையும் இப்போது ஒரே முதலாளி வாங்கிவிட்டார். "ஒரே ஊருக்கு ரெண்டு வாய் எதுக்கு?" என்று கேட்டார். ஒன்றை மூடப் போகிறார். எதை மூடுவது? அவருக்கு விளம்பரம் தரும் பெரிய கடைகளெல்லாம் குன்றுக்குப் பின்னால் போகும் புதிய சாலையில் வருகின்றன. அந்தச் சாலையில் எந்த நிலையம் அதிக தூரம் கேட்கிறதோ அது இருக்கும். கேட்காதது போகும். இரண்டும் ஒரே இடத்தில் நின்றால் ஊரின் மற்ற மூன்று சாலைகளையும் வைத்து முடிவு செய்வார். மாடி போனால் அக்காவுக்கு வேலை போகும். குன்றில் ஏற்கெனவே ஒரு காலைக் குரல் இருக்கிறது, தன் நகைச்சுவைக்குத் தானே சிரிக்கும் ஒரு இளைஞன்.

"எங்க வரைக்கும் கேட்குதோ அதுவரைக்கும் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க" என்று முதலாளி உத்தரவு போட்டார்.*

* யாருக்குக் கேட்கிறது என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. நம் மொழியில் 'கேட்குது' என்ற ஒரு சொல்லே முழு வாக்கியம். 'எனக்கு' என்பதை நாமெல்லோரும் விழுங்கிவிடுவோம். இந்தக் கதை முழுவதும் அந்த விழுங்கப்பட்ட 'எனக்கு'வைப் பற்றியதுதான். இதைக் கடைசியில் சொல்லி உங்களை அசத்தலாம் என்றிருந்தேன். பொறுமை இல்லை.

3

வேன் காட்சி. நான் அந்த வேனில் இல்லை. இருந்ததுபோல் எழுதப் போகிறேன், கண்டுகொள்ளாதீர்கள்.

நிலையத்துக்கு ஒருவர் என்று இரண்டு பேர், ஒரே வண்டி, ஒரே ரேடியோ. அவரவர் நிலையம் எங்கே நிற்கிறது என்பதை அவரவர் சொல்ல வேண்டும். மாடியின் சார்பாக மாமா. அவர் ரொட்டித் தொழிற்சாலை வேன் ஓட்டுகிறார், அந்தச் சாலையின் கடைகளுக்கெல்லாம் தினமும் ரொட்டி இறக்குகிறார், அதனால் வண்டியும் அவருடையதே. குன்றின் சார்பாக அதன் டெக்னீஷியன். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் சுருட்டிய கம்பி வைத்திருப்பார் என்பதால் அவருக்குக் கம்பிக்காரர் என்று பெயர்.

டயர் கடை வரை இரண்டும் நன்றாகக் கேட்டன. பெட்ரோல் பங்கில் குன்று இரைய ஆரம்பித்தது. லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடை வந்ததும் கம்பிக்காரர் கையைத் தூக்கிவிட்டார்.

"என்னோடது இங்க செத்துப்போச்சு. உங்களோடதைப் போடுங்க."

மாமா திருப்பினார். மாடி கேட்டது, மெலிசாக. ("கரகரப்புக்கு நடுவே ஒரு நூல்போல" என்று எழுதி அடித்தேன். மெலிசாக, அவ்வளவுதான்.) வேன் நகர்ந்தது. சிமென்ட் கிடங்கு வந்தது. கம்பிக்காரருக்கு வெறும் இரைச்சல். அவர் மாமாவைப் பார்த்தார். மாமா கைகளை ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டு தலையை லேசாகச் சாய்த்திருந்தார்.

"கேட்குதா?"

"கேட்குதே" என்றார் மாமா.

பாலம் வந்தது. இரைச்சலின் நடுவே மாமா திடீரென்று சிரித்தார்.

"என்ன?"

"எழுந்தவங்களுக்கு ஒரு பாட்டு, எழாதவங்களுக்கு ரெண்டு பாட்டுன்னு சொல்றா. தினம் கேட்டாலும் சிரிப்பு வருது சார்."

4

இங்கே நான் ராத்திரி வெகுநேரம் நின்றுவிட்டேன். மாமா பொய் சொல்கிறாரா? பொய் என்றால் கதை சுலபம். மனைவியின் வேலைக்காகப் பொய் சொல்லும் கணவன், அவனைக் கண்டுபிடிக்கும் எதிரி, கைகலப்பு, மழை. ஆனால் எனக்கு இந்த மனிதரைத் தெரியும். கடையில் ஒரு ரொட்டி கூடுதலாக இறங்கிவிட்டால் வேனைத் திருப்பிக்கொண்டு போகிறவர். சீட்டாட்டத்தில் தன் கையில் என்ன இருக்கிறது என்பதை முகத்திலேயே காட்டிவிடுவார். அதனாலேயே அவரை யாரும் சீட்டாடக் கூப்பிடுவதில்லை.

கம்பிக்காரரும் இதையேதான் சொன்னார். மரச்சாமான் கடையில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. வேனைவிட்டு இறங்கியதும் ஐந்து மாடியும் மூச்சு வாங்க ஏறி வந்து அக்காவின் முன்னால் நின்றார். மேசைக்கு உப்பு ஜாடி வந்தது அன்று ராத்திரிதான்.

"மேடம், உங்க வீட்டுக்காரர் பாலம் வரைக்கும் கேட்குதுன்னார். எனக்கு எடை மேடை தாண்டினதும் ஒண்ணும் கேட்கல."

"அப்போ அவர் பொய் சொல்றாருங்கிறீங்களா?"

"பொய் சொல்றவர் இரைச்சலைக் கேட்டு சிரிக்க மாட்டார் மேடம். அவருக்கு நிஜமாவே கேட்குது. உங்க குரல் அவருக்கு மனப்பாடம்."

அக்கா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"எடை மேடையிலயே ரெண்டும் நிக்குதுன்னா, மத்த மூணு ரோட்டுலயும் என்னோடதுதான் தூரம் போகுது. முதலாளி உங்களோடதைத்தான் மூடுவார். பாலம்னா என்னோடது போயிடும். நான் உங்க வீட்டுக்காரர்கிட்டயே நேரா சொல்லியிருக்கலாம். மனுஷன் சிரிச்சிட்டிருந்தார், சொல்ல மனசு வரல. நீங்க பார்த்து முடிவு பண்ணுங்க. மாடி எங்க நின்னுச்சுன்னு கேட்டு நாளைக்கு ராத்திரி முதலாளி உங்களுக்குத்தான் போன் பண்ணுவார்."

(இந்த இடத்தில் கம்பிக்காரரை இன்னும் கொஞ்சம் கெட்டவராக ஆக்க முயன்றேன். ஒத்துவரவில்லை. அவருக்கும் வேலை போகும் என்பதை நான் மறந்தாலும் நீங்கள் மறந்துவிடாதீர்கள்.)

5

அக்கா மறுநாள் செய்த காரியம் எனக்குத் தோன்றியிருக்காது. நான் பக்கம் பக்கமாக மனப்போராட்டம் எழுதியிருப்பேன். அவள் முந்தின ராத்திரி மாமாவிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"ஏங்க, காலைல பாலத்துகிட்ட போனதும் ரேடியோவைப் போட்டுட்டு, நான் என்ன சொன்னேன்னு போன் பண்ணிச் சொல்லுங்க."

"பரீட்சையா?" என்று மாமா சிரித்தார். ஜெயித்த கட்சிக்காரர்போல இருந்தார்.

காலையில் அவர் முதலில் கிளம்பிவிடுவார். அக்கா அப்புறம். அன்று அவள் கிளம்பும்போது ஃபிரிட்ஜ் மேல் மாமாவின் கண்ணாடி இருந்தது. பில் படிக்க அவருக்கு அது வேண்டும். அக்கா அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை. நிலையத்துக்குப் போனாள், மைக்கின் முன் உட்கார்ந்தாள். எத்தனையோ வருடமாகச் சொல்லிவரும் அந்த ஒரு பாட்டு, ரெண்டு பாட்டு வரியைச் சொல்லாமல் இப்படிச் சொன்னாள்:

"காலை வணக்கம். ரொட்டி வேன் ஓட்டுறவரே, உங்க கண்ணாடியை ஃபிரிட்ஜ் மேலயே வெச்சிட்டுப் போயிட்டீங்க."

ஊரில் பாதிப்பேர் சிரித்திருப்பார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது.

"கணீர்னு கேட்டுச்சு" என்றார் மாமா.

"என்ன சொன்னேன்?"

"என்ன சொல்லுவ, எழுந்தவங்களுக்கு ஒரு பாட்டு, எழாதவங்களுக்கு ரெண்டு பாட்டு. வழக்கம்போலதான்."

"ஆமா" என்றாள் அக்கா. "அதேதான் சொன்னேன்."*

* இந்தப் பொய்யின் விலை: கண்ணாடி எங்கே இருக்கிறது என்று அவளால் அப்போது அவரிடம் சொல்ல முடியவில்லை. சொன்னால் குட்டு உடைந்துவிடும்.

6

மதியம் அக்கா வீட்டுக்கு வந்து காலையில் நடந்ததைச் சொன்னாள். அதையும் சேர்த்து, இதுவரை எழுதியதைப் படிக்கக் கொடுத்தேன். தயங்கித்தான் கொடுத்தேன்.

"நான் எப்போடி மனப்போராட்டம் பண்ணாம இருந்தேன்? ராத்திரி பூரா தூங்கல. உனக்கு எழுத வரலைன்னா எனக்கு மனசே இல்லைன்னு ஆயிடுமா?"

"சேர்த்துடறேன்."

"ஒண்ணும் வேண்டாம். முடிவு என்ன வெச்சிருக்க?"

இரண்டு வைத்திருந்தேன்.

(அ) அக்கா முதலாளியிடம் பாலம் என்கிறாள். மாடி பிழைக்கிறது. கம்பிக்காரர் கோபுரத்திலிருந்து கம்பிகளை ஒவ்வொன்றாக

(அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.)

(ஆ) அக்கா எடை மேடை என்கிறாள். கடைசி நிகழ்ச்சி. கண்ணீர். நேயர்கள் மாடிப்படியில் வரிசையாக

(நேயர்கள் ஐந்து மாடி ஏற மாட்டார்கள்.)

"ரெண்டுமே நாடகம்" என்றாள் அக்கா. "ரெண்டுலயும் அவர் எங்க?"

நியாயமான கேள்வி. இரண்டு முடிவிலும் மாமாவுக்கு எதுவும் தெரிவதில்லை. தெரிந்தால் அந்த மனிதர் ஒரு நிமிடம் தாங்க மாட்டார். தான் தப்பாகச் சொல்லிவிட்டதாக அவரே முதலாளிக்குப் போன் போட்டுவிடுவார், மனைவியின் வேலை போனாலும் சரி. தெரியாவிட்டால், இனி ஆயுசு முழுக்க எல்லோரிடமும் பாலம் வரைக்கும் கேட்குது என்று பெருமையடித்துக்கொண்டிருப்பார், அக்கா அதைக் கேட்டுக்கொண்டு உப்பு ஜாடியை எடுத்து வைத்துக்கொண்டிருப்பாள்.

"அவருக்குத் தெரியாம இருக்கிறதுதான் நல்லது, இல்ல?" என்று கேட்டேன்.

"தெரியல" என்றாள். "பாலத்துல எனக்கு யாருமே இல்லடி. அவர் மட்டும்தான் இருக்கார். நான் பேசாட்டியும் அவருக்குக் கேட்குது. சந்தோஷப்படுறதா, அழறதான்னு தெரியல."

7

இப்போது எழுதுவது நடந்துகொண்டிருக்கும்போதே எழுதுவது. எழுத்துப் பிழைகள் இருந்தால் மன்னிக்கவும்.

மாமா வந்துவிட்டார். களைப்பாக இருக்கிறார். சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாம் தடவிக்கொண்டே என் எதிரில் உட்காருகிறார்.

"கதை எழுதுறியாமே. என்னைப் பத்தியா?"

"கொஞ்சம்."

"படிச்சுக் காட்டு. என் கண்ணாடியைக் காணோம்மா. இன்னைக்குப் பூரா தேடிட்டேன். சீட்டுக்கு அடியில, ரொட்டி ட்ரேக்கு நடுவுல, எங்கயும் இல்ல. ஒரு கடைக்காரர்தான் பில்லெல்லாம் படிச்சுக் காட்டினார்."

படித்தேன். உப்பு ஜாடியில் அவர் தலையாட்டினார். வேன் காட்சியில் "நீ வந்த மாதிரியே எழுதியிருக்கியே" என்றார். மூன்றாம் பகுதியை முடித்ததும் தண்ணீர் குடிப்பதுபோல் நிறுத்தினேன். அடுத்த தாளைத் திருப்பக் கை வரவில்லை. சமையலறையில் குழாய்ச் சத்தமும் நின்றுவிட்டது.

"அப்புறம்?" என்கிறார் மாமா.

முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது என்று கதை எழுதும் எங்கள் ஆட்களிடம் ஒரு தந்திரம் உண்டு. எனக்கும் வேறு வழி தெரியவில்லை. விட்டுவிட்டேன். இந்த வீட்டில் வாசிப்பதையே தொழிலாக வைத்திருப்பவள் ஒருத்திதான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் கையிலிருந்து தாள்களை வாங்கினாள். எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் தாண்டலாம், எதை வேண்டுமானாலும் மாற்றிப் படிக்கலாம், அவளுக்கு அது கைவந்த கலை. அவள் நின்றுகொண்டே, ஒரு வரி விடாமல் வாசித்தாள். கம்பிக்காரர் மாடி ஏறினார். போன் வந்தது. கண்ணாடி வரியை, காலையில் மைக்கில் எப்படிச் சொன்னாளோ அப்படியே சொன்னாள்.

மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் கேட்டது?"

"நீங்க கேட்டது நேத்து சொன்னது. முந்தாநாள் சொன்னது" என்றாள் அக்கா. குரல் உடைந்துவிட்டது, அறிவிப்பாளர் குரல்தான், ஆனாலும் உடைந்துவிட்டது. "இன்னைக்குச் சொன்னது இதுங்க."

மாமா எழுந்தார். ஃபிரிட்ஜ் மேலிருந்து கண்ணாடியை எடுத்துச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டார். மேசையிலிருந்த போனை எடுத்தார். எண்ணைத் தேட ஆரம்பித்தார். தேடிக்கொண்டே நாற்காலியை அக்காவுக்காக இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்தாள். அவர் கையிலிருந்த போனை அவள் பிடுங்கவில்லை.

அது முதலாளியின் எண்ணா, கம்பிக்காரரின் எண்ணா என்று எட்டிப் பார்த்தால் எனக்குத் தெரியும். நான் பார்க்கவில்லை. எதிர்முனையில் யாராவது எடுப்பதற்குள் பேனாவை மூடிவிடுகிறேன்.