கியர்ட்டன் வீட்டு மூன்றாவது பெயர்

என் தங்கை அன்னிஸின் புருஷன் கிளெம் கியர்ட்டனை, போர் முடிய இருந்த கடைசி இலையுதிர் காலத்தில் பிரான்சில் விஷப்புகை தாக்கியது. அவனோடு பட்டாளத்துக்குப் போன அவன் அண்ணன் தம்பி இருவர், ஜாஸ் என்று நாங்கள் கூப்பிட்ட ஜோசப்பும் மத்தியாஸும், அங்கேயே புதைந்துபோனார்கள். கிளெம் மட்டும் திரும்பி வந்தான். வந்தவன் முதல் வருஷம் ஆடு மேய்த்தான், அடுத்த வருஷம் கதவோரம் உட்கார்ந்தான், அதற்கப்புறம் அடுப்படிக்குப் பக்கத்தில் போட்ட கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. அவன் மூச்சு விடுவது வாசலில் நிற்பவனுக்கும் கேட்கும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர்த் தேவாலயப் பங்கில், போரில் செத்தவர்களுக்குக் கல் வைக்க ஏற்பாடானது. தேவாலய வாசலில் சாம்பல் நிறக் கல்தூண், அதில் பெயர்கள். கல்தச்சர் வந்து வேலையைத் தொடங்கிவிட்டார்.

"மச்சான், என் பேரும் அதுல வருமா?" என்று கிளெம் என்னைக் கேட்டான். விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று நினைத்தேன்.

"உயிரோட இருக்கறவன் பேரை யாருடா கல்லுல வெட்டுவாங்க?"

"நான் அங்கயே செத்தாச்சு. இங்க வந்து முடியறதுக்கு நேரமாகுது, அவ்வளவுதான்."

அன்னிஸைத் துளைத்தெடுத்து, பாதிரியாரிடம் கேட்கச் சொல்லி அனுப்பினான். பிக்கர்ஸ்கில் என்ற அந்தப் பாதிரியார் கெட்டவர் இல்லை. அவளை உட்காரவைத்து, டீ கொடுத்து, தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"கமிட்டி முடிவு பண்ணினது இது, அன்னிஸ். நவம்பர்ல கல்லைத் திறக்கறதுக்கு முன்னாடி போய்ச் சேர்ந்தவங்க பேரு மட்டும்தான். அதுக்குள்ள கிளெமைக் கர்த்தர் அழைச்சுக்கிட்டார்னா, கட்டாயம் சேர்த்துடுவோம். அதுக்கப்புறம் கல்லுல கை வைக்கக் கூடாதுன்னு இருக்கு."

எதையும் மறைக்கத் தெரியாதவள் அவள். வீட்டுக்கு வந்து கேட்டதை அப்படியே ஒப்பித்துவிட்டாள். கிளெம் கொஞ்சம் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரமானது.

அன்றிலிருந்து அவனுக்கு வயிறு மந்தம் என்றான். ரொட்டி வேண்டாம், ஆட்டுக்கறி சூப் குமட்டுகிறது, ஓட்ஸ் கஞ்சியை அப்புறம் குடிக்கிறேன், கிண்ணத்தை வைத்துவிட்டுப் போ என்றான். கிண்ணம் காலியாகத்தான் திரும்பி வந்தது. ஆனால் ஆள் கரைந்துகொண்டே போனான். ஒரு நாள் படுக்கை விரிப்பை மாற்றப்போன அன்னிஸ், மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் காய்ந்துபோன ரொட்டித் துண்டுகளைக் கண்டாள். கட்டிலுக்கு அடியில் இருந்த மூத்திரச் சட்டியில் கஞ்சி மிதந்தது.

"என்ன பண்றே நீ?" என்றாள்.

அவன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான்.

"கிளெம், என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

"கல்லைத் திறக்கறதுக்குள்ள போயிடணும் அன்னி. எப்படியும் போகத்தான் போறேன். கொஞ்சம் முந்திப் போனா அவனுங்க ரெண்டு பேரோட இருப்பேன். இல்லேன்னா யாரு நான்? இருமிச் செத்த ஒரு கிழவன். முப்பது வயசுக் கிழவன்."

"அப்போ நான் யாரு உனக்கு?"



அவள் சால்வையைக்கூட எடுக்காமல் தேவாலயத்துக்கு ஓடினாள். கல்தச்சரின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். "பேரை வெட்டிடுங்க ஐயா. அவன் பார்த்துட்டான்னா சாப்பிடுவான்." கல்தச்சர் உளியைக் கீழே வைத்துவிட்டார். "கமிட்டி எழுதிக் கொடுத்ததைத்தான்மா வெட்ட முடியும். நானா ஒரு எழுத்து சேர்த்தாலும் என்னை அனுப்பிடுவாங்க." தண்ணீர் குடிக்கச் சொன்னார். அவள் குடிக்கவில்லை.

திரும்பி வரும் வழியில்தான் அவளுக்கு அந்தப் புத்தி வந்திருக்கிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் சொன்னாள்: "ஒத்துக்கிட்டாங்க. ஜாஸ் பேருக்கு முன்னாடி உன் பேரு. நானே பார்த்துட்டு வந்தேன். இப்பவாவது சாப்பிடு."

கிளெம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வாயைத் திறந்தான். ஒரு கிண்ணம் சூப்பையும் மிச்சம் வைக்காமல் குடித்தான் என்று மறுநாள் அவள் என்னிடம் வந்து சொல்லி அழுதாள். சந்தோஷ அழுகை. இவ்வளவு நாளில் அதை நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் அவன் தேறத் தொடங்கியதுதான் கொடுமை. முட்டை கேட்டான். முகம் மழித்துக்கொண்டான். நவம்பர் நெருங்கும்போது, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, "மச்சான், திறப்பு அன்னிக்கு என்னை நாற்காலியோட தூக்கிட்டுப் போயிடு. என் பேரை நானே படிக்கணும். எத்தனை பேருக்குக் கிடைக்கும் அந்த பாக்கியம்?" என்றான்.

அன்னிஸ் என்னைக் கொல்லைப்புறம் இழுத்துப் போனாள். "வேணாம் அண்ணே. மழை, குளிருன்னு எதையாவது சொல்லு."

சொன்னோம். கேட்கவில்லை. நீங்கள் தூக்காவிட்டால் தவழ்ந்தாவது போவேன் என்றான். கடைசியில் கூட்டத்துக்குப் பின்னால், சுவரோரமாக உட்காரவைத்துவிடுவது என்று முடிவு செய்தோம். அங்கிருந்து எழுத்து தெரியாது. கூட்டம் கலைந்ததும் குளிரைச் சாக்கிட்டுத் தூக்கி வந்துவிடலாம்.

பெயர்களை வாய்விட்டுப் படிப்பார்கள் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

மேலே போர்த்தியிருந்த கொடியை இழுத்துக் கல்லைத் திறந்ததும் பாதிரியார் காகிதத்தைப் பிரித்தார். ஊரே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றது. பெயர்கள் அகரவரிசையில் ஒவ்வொன்றாக வந்தன. அன்னிஸ் என் கையைப் பிடித்தாள். அவள் நகம் என் தோலில் இறங்கியது.

"ஜோசப் கியர்ட்டன். மத்தியாஸ் கியர்ட்டன். ராபர்ட் லான்ஸ்டேல்."

கிளெம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "விட்டுட்டாரு," என்றான். மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் அந்த நிசப்தத்தில் எல்லாருக்கும் கேட்டது. "மச்சான், பாதிரியார் என் பேரை விட்டுட்டாரு. போய்ச் சொல்லு."

நான் அசையவில்லை. அவன் அன்னிஸைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். அப்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது.

பக்கத்தில் நின்றிருந்த தாமார், அந்த ராபர்ட் லான்ஸ்டேலின் மனைவி, திரும்பினாள். "உனக்கு எதுக்குய்யா கல்லு? என் ஆளு பேரைச் செதுக்கி எடுத்துட்டு அங்க உன் பேரை வெட்டிக்கோ. எனக்கு உன்ன மாதிரி இருமிக்கிட்டுக் கிடந்தாக்கூடப் போதும், ஆளைக் கொண்டா," என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. கிளெம் அவளுக்குத் தலையை ஆட்டினான், சரி என்பதுபோல.

வீட்டுக்குத் தூக்கி வந்தோம். சண்டை போடுவான், மறுபடி பட்டினி கிடப்பான் என்று பயந்தோம். இரண்டும் நடக்கவில்லை. அன்னிஸ் கரண்டியை நீட்டினால் வாயைத் திறந்தான், கொடுத்ததை விழுங்கினான். பேச்சு மட்டும் நின்றுபோனது. "என்னைத் திட்டாவது திட்டேன்," என்று அவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கியதை நானே பார்த்தேன். அவன் அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். ஆடுகள் குட்டி போடும் முன்பே, பனி கரையாத ஒரு காலையில், மூச்சு நின்றது.

அவள் மறுபடி பாதிரியாரிடம் போனாள். இந்தத் தடவை நானும் போனேன். அவர் கண் கலங்கத்தான் பேசினார். கமிட்டியில் கேட்டேன், முடியாது என்றுவிட்டார்கள் என்றார். ஒருவருக்குச் செய்தால் இன்னும் யார் யாரோ வருவார்கள். டாக்டர் நிமோனியா என்றுதான் எழுதியிருக்கிறார், விஷப்புகை என்று இல்லை. கல்லில் இடமும் இல்லை. அன்னிஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிங்க ஐயா," என்று எழுந்துவிட்டாள்.

பாலத்துக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள்.

"அண்ணே, அந்த ரொட்டியை நான் பார்க்காமலே இருந்திருந்தா?"

"அப்படியெல்லாம் யோசிக்காதே."

"அவன் நினைச்சது நடந்திருக்கும். பேரும் இருந்திருக்கும். அவனை ஒரு குளிர்காலம் கூடுதலா வச்சுக்கிட்டேன், அவன் ஒரு வார்த்தை பேசாம. எதுக்கு?"

பாலத்தின் கைப்பிடியில் கிடந்த பனியை அவள் வழித்து வழித்து ஆற்றில் தள்ளிக்கொண்டே நின்றாள். விரல் சிவந்து வீங்கும்வரை நான் அவளைத் தடுக்கவில்லை.

இந்த நவம்பரிலும் பெயர்களைப் படித்தார்கள். நான் போய் நின்றேன். முடிந்ததும் நேராக அவள் வீட்டுக்குப் போனேன். தொழுவத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள். படித்தார்களா என்று கேட்கவில்லை. இன்னொரு துடைப்பத்தை என் பக்கம் தள்ளினாள். நான் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பெருக்கத் தொடங்கினேன்.