மாடிக்கு ஒரு கீறல்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வேலையிடத்தில் பாம்புக்காது என்று பெயர். மோட்டார் அறைக்குள் கால் வைத்ததுமே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இருபத்தாறு வருடமாக அந்தக் காதுதான் அவருக்குச் சோறு போட்டது. அதனால் கம்பெனி எல்லோருக்கும் டேப்லெட் கொடுத்தபோது அவர் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. வேலை முடிந்ததும் நாலு கட்டத்தில் டிக் அடித்து அனுப்புவதோடு சரி.

அன்று ஏழு மாடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து லிஃப்ட்டில் ஏதோ சத்தம் என்று மூன்றாவது முறையாகப் புகார். ஆறாவது மாடி டீச்சரம்மா லிஃப்ட்டுக்குள் அவரோடேயே வந்து நின்றுகொண்டார்.

"இதோ, கேக்குதா?"

மெக்கானிக்குக்கு மோட்டாரின் உறுமல் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

"இப்ப மறுபடியும். காது கூசுது. நீங்க என்னடான்னா சும்மா நிக்கிறீங்க."

"பாக்கறேம்மா," என்றார். சில மாதங்களாகவே வீட்டில் போன் அடித்தால் மனைவிதான் எடுத்துவந்து கொடுக்கிறாள். ஜலதோஷம் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்.

டீச்சரம்மா இறங்கிப் போனதும் டேப்லெட்டை எடுத்தார். மாடி எண் மாறுவது தெரியும்படி பிடித்துக்கொண்டு, கீழிருந்து ஏழு வரை வீடியோ எடுத்து மனைவிக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார்.

"இதுல என்ன சத்தம் கேக்குது, சொல்லு."

அவள் இரண்டு முறை போட்டுப் பார்த்தாள். "தகரத்துல ஆணியால கீறுற மாதிரி இருக்கு. நம்பர் மாறும்போதெல்லாம் ஒரு கீறல். அஞ்சுகிட்ட ரொம்ப அதிகம். ஏன், உங்களுக்குக் கேக்கலையா?"

"அஞ்சுகிட்டயா?" என்று திரும்பக் கேட்டார். அவளும் துருவவில்லை. "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டாள்.

மாடிக்கு ஒரு கீறல் என்றால் மோட்டார் இல்லை, கதவுப் பக்கம்தான். கூண்டின் மேல் ஏறி மெல்ல ஓட்டிப் பார்த்தார். கூண்டின் பக்கவாட்டில் இருந்த தகடு ஒரு நூல் வளைந்து, ஒவ்வொரு மாடிக் கதவின் உருளையையும் உரசிக்கொண்டு போனது. ஐந்தாம் மாடி உருளை பாதி தேய்ந்தே விட்டது. தகட்டை நிமிர்த்தி, உருளையை மாற்றி, மறுபடியும் வீடியோ அனுப்பினார். 'இப்ப ஒண்ணுமில்ல' என்று பதில் வந்தது.

டேப்லெட்டில் கடைசிக் கட்டம்: பழுது எப்படித் தெரிந்தது? 'சத்தத்தை வைத்து' என்று அடித்தார். அழித்தார். பிறகு, தனக்குக் கேட்கவில்லை, மனைவிதான் கேட்டுச் சொன்னாள் என்று நடந்ததை அப்படியே அடித்து, வீடியோவையும் சேர்த்து அனுப்பினார்.

பத்தே நிமிடத்தில் கம்பெனி மேற்பார்வையாளர் அம்மா அழைத்தார். தன் வேலை போயிற்று என்றே மெக்கானிக் நினைத்தார்.

"மேல ஏறி நிக்கிறப்ப கீழ யாராவது கத்தினாக் கேக்குமா உங்களுக்கு?"

"கேக்கும்னு நெனச்சுட்டு இருந்தேன் மேடம்."

"நாளைக்கே டாக்டரப் பாருங்க. அதுவரைக்கும் தனியா எங்கயும் ஏறாதீங்க. அப்புறம், அந்த வீடியோவ எல்லாருக்கும் அனுப்பப் போறேன். மாடி நம்பரோட சேத்து எடுக்கணும்னு இதுவரைக்கும் யாருக்கும் தோணலையே."

மூன்று வாரத்தில் காதுக்குக் கருவி வந்தது. டீச்சரம்மாவுக்குக் கேட்ட மாதிரியான கீறல்கள் இனி அவருக்கே கேட்கும். ஆனாலும் போகிற இடமெல்லாம் வீடியோ எடுக்கிறார். போன மாதச் சத்தத்தையும் இந்த மாதச் சத்தத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்கிறார். தான் மனசில் வைத்திருந்த எந்தச் சத்தமும் இவ்வளவு துல்லியமாக இருந்ததில்லை என்று ஒப்புக்கொள்ளத்தான் அவருக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.